சிறையிலிருந்து வந்த தம்பியின் முதல் இரண்டு வாரங்களில் கூட நின்றவர்களுக்கு

பெயர் சொல்லி நன்றி சொல்லத்தான் ஆசை. தம்பிக்காக விட்டுவிட்டேன். படித்தால் உங்களை உங்களுக்கே தெரியும்.

சிறைச் செவிலியர் அம்மா, உங்களிடமிருந்து தொடங்குகிறேன். ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதையை உள்ளே ஐந்து மாதம் தொடாமல் இருந்துவிட்டான், இனிப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். "இனிமேல்தான் பயம்" என்றீர்கள். முன்பு உடம்பு தாங்கிய அதே அளவு இப்போது உயிரை எடுத்துவிடும் என்றீர்கள். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்வைச் சொன்னீர்கள்: முதல் 2 வாரங்களில் ஓவர்டோஸில், அதாவது போதை அளவு மீறி, இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு. விடுதலைக்கு முன்பே, ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கும் புப்ரெநார்ஃபின் மாத்திரையைத் தொடங்கி, வெளியே மருத்துவரிடம் நாளும் குறித்துக் கொடுத்தீர்கள்.

வாசலில் காத்திருந்த அண்ணா, நீங்களும் அதே வாசல் வழியாக வந்தவர். அவனிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அடையாள அட்டைக்கும் மருந்துக் கடைக்கும் கூடவே அலைந்தீர்கள்.

அப்புறம் நான் செய்த தவறு. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்டுவிட்டேன். அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். பதினோராம் நாள் இரவு மறுபடி போதையைத் தொட்டு, உதடு நீலம் பாய்ந்து, மூச்சில்லாமல் கிடந்தான்.

அறைத் தோழரே, உங்கள் பையில் ஓபியாய்டு ஓவர்டோஸை முறிக்கும் நாலோக்சோன் ஸ்ப்ரே இருந்தது. மூக்கில் அடித்தீர்கள், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தீர்கள். கண் விழித்ததும் போய்விடவில்லை. ஸ்ப்ரேயின் வேகம் அடங்கியதும் மூச்சு மறுபடி தடுமாறலாம் என்று தெரிந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

டாக்டர், மறுபடி போதையைத் தொட்டுவிட்டான் என்று அவனைச் சிகிச்சையிலிருந்து நீக்காததற்கு நன்றி. என்னையும் உட்கார வைத்துப் பேசினீர்கள். புப்ரெநார்ஃபின் 2005-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது என்றும், ஏக்கத்தை அடக்கி அவனை வேலைக்குப் போக வைப்பது இதுதான் என்றும் அன்றுதான் புரிந்துகொண்டேன்.

பதினான்கு மாதம் ஆகிறது. காலையில் மாத்திரை நாக்குக்கு அடியில் கரையும்வரை அவன் பேசக் கூடாது. அந்த நேரத்தில்தான் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். கையால் ஸ்டியரிங் சுற்றிக் காட்டினான். ஆம்புலன்ஸ் ஓட்டுநரை விட்டுவிட்டேனாம். அவருக்கும் எங்கள் நன்றி.