தண்ணீரில் எலக்ட்ரான் யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில், தண்ணீர் உண்டாகும்போது ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடுகிறது என்று போட்டிருந்தீர்கள், பத்தாவது படிக்கும் என் மகள் அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். கொடுப்பது உப்பில்தான், சோடியம் குளோரினுக்கு. தண்ணீரில் இருப்பது சகப்பிணைப்பு, அதாவது எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொள்ளும் பிணைப்பு: ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான், அதிலிருந்து ஒவ்வொரு ஹைட்ரஜனோடும் ஒன்றைப் பொதுவில் வைக்கிறது, ஹைட்ரஜனும் ஒன்று வைக்க, இரண்டு ஜோடி பங்காகிறது. ஆக்சிஜனுக்கு 8 கணக்காகிவிடும், ஹைட்ரஜனுக்கு 2 போதும். 1916இல் அமெரிக்க வேதியியலாளர் லூயிஸ் சொன்னது இதைத்தான். சரி, ஆக்சிஜன் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கூட்டுக் குடும்பத்தில் அது இல்லாமலா? ஆனாலும் அது கொடுத்ததாகாது. அடுத்த வாரம் திருத்தம் போடுங்கள், எலக்ட்ரான்களைப் புள்ளியாகக் காட்டும் படத்தோடு.