படம் யார் காசில் வந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ரோம் கட்டுரையில், "திருச்சபை ஓவியர் கரவாஜியோவை அழைத்து மத்தேயு படங்களை வரையச் சொன்னது" என்று ஒரு வரி. எந்தத் திருச்சபை? தங்களுக்குத் தெரியாததல்ல: ரோமின் சான் லுயிஜி தெய் பிரான்சேசி கோயிலில் அந்தப் படங்கள் இருக்கும் சிற்றாலயத்தை 1565-இல் வாங்கியவர் மத்தியூ குவாந்த்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு கர்தினால் ஆனார், 1585-இல் இறந்தார். சுவரில் என்னென்ன காட்சி வேண்டும் என்று சொல்லி, பணமும் வைத்துவிட்டுத்தான் போனார். பொறுப்பேற்ற கிரெஷென்ஸி குடும்பம் இழுத்தடித்தது. தார்ப்பினோ என்ற ஓவியர் விதானத்தை முடித்ததோடு சரி. குருக்கள் போப்பாண்டவர்வரை முறையிட்ட பிறகே, 1599 ஜூலையில் பக்கச் சுவர்கள் இரண்டுக்கும் 400 ஸ்கூதி (அந்நாளைய ரோம் நாணயம்) என்று கரவாஜியோவோடு ஒப்பந்தம் ஆனது. அத்தனை இழுபறியும் தங்கள் கட்டுரையில் ஒரே "அழைப்பு" ஆகிவிட்டது!

கரவாஜியோவின் 'மரியாளின் மரணம்' பற்றியும் அப்படியே. "திருச்சபை தூக்கியெறிந்த படம்" என்கிறீர்கள். காசு கொடுத்தவர் லாயெர்ஸியோ கெருபினி என்ற வக்கீல். வேண்டாமென்றவர்கள் ரோமின் ஸ்காலா கோயிலின் கார்மேல் துறவிகள். ஓவியர் ரூபென்ஸ் சொல்லி 1607-இல் அதை வாங்கியவர் மாந்துவா கோமகன். ஆக, மூன்று தரப்பு, மூன்று ரசனை.

'மத்தேயுவின் அழைப்பு' படத்தை இடவலம் மாற்றி வேறு அச்சிட்டிருக்கிறீர்கள். பக்க வடிவமைப்புக்கு அதுதான் எடுப்பாக இருந்ததோ என்னவோ. அது மாட்டியிருப்பது நான் முதலில் சொன்ன சிற்றாலயத்தின் இடப்பக்கச் சுவரில். பீடத்துக்கு மேலுள்ள ஜன்னல் படத்தைப் பார்ப்பவருக்கு வலப்புறம். படத்தின் ஒளியும் வலப்புறமிருந்தே, கிறிஸ்துவின் தலைக்கு மேலாகச் சாய்ந்து மேசைக்கு வருகிறது. திருப்பிப் போட்டால் வாசல் பக்கமிருந்து ஒளி வருகிறது. ஓவியர் இடம் பார்த்துச் செய்த கணக்கே போயிற்று.

"கரவாஜியோ வரைந்தது" என்று எல்லாவற்றின் கீழும் எழுதும் பழக்கம் தங்களுக்கு எப்போதுமே உண்டு. தியானிக்கும் புனித பிரான்சிஸ் படம் இரண்டு இருக்கிறது: ஒன்று கார்ப்பினேத்தோ ரொமானோ கோயிலிலிருந்து வந்தது, மற்றது ரோமின் கப்புச்சின் துறவிகளுடையது. எது மூலம் என்று பல வருடம் சண்டை. கார்ப்பினேத்தோ படத்தில், வரையும்போதே மாற்றிய இடங்கள் மேற்பூச்சுக்கு அடியில் தெரிந்தன. நகலெடுப்பவருக்கு முடிந்த படம் எதிரில் இருக்கிறது. யோசித்து மாற்ற வேண்டிய அவசியம் குறைவு. அதனால் இன்று பெரும்பாலோர் அதையே மூலம் என்கிறார்கள். தாங்களோ முன்பொருமுறை கப்புச்சின் படத்தைப் போட்டு, ஐயத்துக்கு இடமின்றிப் பெயரும் போட்டீர்கள். 1564-இல் இறந்த மைக்கேலாஞ்சலோவின் படத்தை 1571-இல் பிறந்த கரவாஜியோவுக்குத் தந்த இதழையும் மறக்கவில்லை. கரவாஜியோவின் முதற்பெயரும் மைக்கேலாஞ்சலோதான், என்ன செய்வது.

கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில் 'அழைப்பு' படத்தைச் சரியான பக்கமாக ஒருமுறை போடுங்கள். இனி கோயில் படம் எதுவானாலும் கீழே நான்கு விவரம் வேண்டும்: எந்தக் கோயில், யார் காசு, எந்த ஆண்டு, ஓவியர் பெயர் உறுதியா கருதப்படுவதா. இரண்டு வரி போதும். அட்டையில் ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதிகூட ஆகாது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்