இறக்கைக்கு நேர் எதிரே நில்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், தங்கள் நாளிதழின் வாசகர் படப் பகுதியில் பட்டாம்பூச்சிகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பல படங்களில் ஒரு இறக்கை பளிச்சென்றும் மற்றொன்று மங்கியும் கிடக்கிறது. சிலவற்றில் பூ தெளிவாக இருக்க, பூச்சியின் கண் கலங்கிப் போயிருக்கிறது. கேட்டால், "என்னிடம் மேக்ரோ லென்ஸ் இல்லை" என்கிறார்கள். சிறு பொருளை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்கும் லென்ஸ் அது. குறை லென்ஸில் இல்லை, படம் எடுத்தவர் நின்ற கோணத்தில் இருக்கிறது. புதிதாகப் பழகுபவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மேக்ரோவில் 1:1 என்றால், பொருளின் உண்மையான அளவே கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலும் விழுகிறது என்று பொருள். பரவலாகப் புழங்கும் ஏபிஎஸ்-சி வகைக் கேமராவின் சென்சார் அகலம் சுமார் 23 மி.மீ. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி இறக்கை விரித்தால் 7 முதல் 8 செ.மீ. வரை இருக்கும். அது முழுதாக ஃபிரேமுக்குள் அடங்க 1:4, அதாவது கால் பங்கு அளவு, போதும். சாதாரண 55-250 மி.மீ. அல்லது 70-300 மி.மீ. ஜூம் லென்ஸே ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடும். புல்தரையில் தாழப் பறக்கும் நீலன் என்ற சின்னஞ்சிறு பட்டாம்பூச்சிகளுக்கும், கண், உறிஞ்சுகுழல் போன்ற நுண் பகுதிகளுக்கும்தான் அதைத் தாண்டிய உருப்பெருக்கம் வேண்டும்.

எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவுக்குத் தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகத் தெளிவாகப் பதியும் தூரம், சுருங்கும். 1:4-ல் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 8-ல் வைத்தால் சுமார் 6 மி.மீ. ஆழம் தெளிவாக வரும். அதே எஃப் 8-ல் 1:1-க்குப் போனால் கிடைப்பது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும். அப்பர்ச்சரை எஃப் 22 வரை மூடினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது. 1:1-ல் எஃப் 16 என்பது ஒளியைப் பொறுத்தவரை எஃப் 32 போலத்தான் நடந்துகொள்ளும். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி சிதறி, படம் முழுவதும் மழுங்கும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்துக்கொண்டு, கிடைக்கும் அந்தச் சிறு ஆழத்தை எங்கே செலவழிப்பது என்று யோசிப்பதே வழி.

கோணம் இங்கேதான் கைகொடுக்கிறது. பட்டாம்பூச்சியின் இறக்கை தட்டையானது. அந்தத் தட்டைக்கு இணையாகக் கேமராவின் முதுகைப் பிடித்தால், 6 மி.மீ. ஆழத்துக்குள் இறக்கை முழுவதும் அடங்கிவிடும். பத்து டிகிரி சாய்ந்தாலும் ஓரம் மங்கும். இறக்கையை மூடி அமர்ந்திருக்கும் பூச்சியிடம் இதைச் சோதிப்பது எளிது. நம் பக்கத்து இறக்கை, பின்னால் இருக்கும் இறக்கையை முழுவதுமாக மறைக்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ அந்த இறக்கையின் விளிம்பு கோடாக எட்டிப் பார்த்தால், நாம் விலகி நிற்கிறோம். ஒரு சாண் நகர்ந்தால் போதும். விரித்து அமர்ந்திருந்தால் மேலிருந்து பார்க்க வேண்டும். இடது, வலது இறக்கை நுனிகள் இரண்டும் ஒரே நீளமாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். பாதி விரித்திருந்தால் இரண்டு இறக்கைக்கும் ஆசைப்படக் கூடாது. கண்ணில் ஃபோகஸ் வைத்து மற்றதை மங்க விடுங்கள்.

நெருங்குவதற்கும் ஒரு முறை உண்டு. காலை 7 முதல் 9 மணி வரை உடல் சூடேற வெயில் காய்வதால், பூச்சிகள் அதிகம் அலையாது. நம் நிழல் அதன்மேல் விழுந்தால் அந்தக் கணமே பறந்துவிடும். எனவே சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டே அடியெடுத்து வைக்க வேண்டும். பக்கவாட்டில் குறுக்கே நடக்காமல், குனிந்தபடி நேர்க்கோட்டில் மெல்ல முன்னேறுங்கள். பூவில் வந்து இறங்கியதும் ஓடிப் போகாதீர்கள். உறிஞ்சுகுழல் சுருள் அவிழ்ந்து பூவுக்குள் இறங்கும் வரை பொறுங்கள். குடிக்கத் தொடங்கிய பின் அதன் எச்சரிக்கை குறையும். ஒரு மீட்டரில் ஒன்று, முக்கால் மீட்டரில் ஒன்று என்று எடுத்தபடியே நெருங்கினால், நடுவில் பறந்தாலும் கையில் ஒரு படமாவது இருக்கும்.

ஷட்டர் வேகம், அதாவது ஒளி பதியும் நேரம், இனத்துக்கு இனம் மாறும். வெந்தய வரியன் போன்ற வரியன்கள் பூவில் அமைதியாக உட்காரும். காற்றில்லாவிட்டால் 1/250 நொடி போதும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் அப்படியல்ல. இட்லிப்பூவின் நீண்ட குழலுக்குள் தேன் குடிக்கும்போதும் முன்னிறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும். வேகம் 1/1000 நொடியை விட மெதுவானால் இறக்கை வெறும் நிழலாகத்தான் பதியும். அதற்காக ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800 அல்லது 1600 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு ஓரளவு சீராக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபிளாஷ் போடுவதானால் முன்னால் வெள்ளைத் துணியோ ஒளியைப் பரப்பும் டிஃப்யூசரோ கட்டாயம் வேண்டும். வெறும் ஃபிளாஷ் இறக்கைச் செதில்களில் பட்டு வெள்ளையாகத் தெறிக்கும். பின்னணியை அதன் ஒளி எட்டாததால் பகலில் எடுத்த படமும் இரவுபோல் இருண்டுவிடும்.

புதிதாக லென்ஸ் வாங்க வசதியில்லாதவர்கள், கையிலிருக்கும் ஜூம் லென்ஸின் முன் +2 டயாப்டர் திறனுள்ள குளோஸ்-அப் வில்லை மாட்டலாம். 250 மி.மீ.-ல் அது 1:2 உருப்பெருக்கம் தரும். பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளியும் இருக்கும். இரண்டு கண்ணாடி ஒட்டிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றைக் கண்ணாடியில் ஓரங்களில் ஊதா நிறம் கசியும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் நீண்ட ஜூமுக்கு அதிகம் உதவாது. 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. டியூப் போட்டால் 1:2 கிடைக்கும். ஆனால் ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் போய் நிற்க வேண்டும், எந்தப் பட்டாம்பூச்சியும் அதற்குச் சம்மதிக்காது. செல்போனில் எடுப்பவர்கள் மேக்ரோ பொத்தானை மறந்துவிட்டு, முதன்மைக் கேமராவில் 2 மடங்கு வைத்துச் சற்றுத் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது நல்லது.

தேடிப் போக வேண்டிய இடங்களும் தொலைவில் இல்லை. தரிசில் பூத்துக் கிடக்கும் தாத்தாப்பூவே நீலன்களுக்கு விருந்து. காய்ந்த கிலுகிலுப்பைச் செடியிலும் தேள்கொடுக்குச் செடியிலும் வரியன் ஆண்கள் மொய்க்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, கோணம் பழக நல்ல இடம். வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்து, அதற்கு மருந்து அடிக்காமல் விட்டாலே புழு முதல் பூச்சி வரை எடுக்கலாம்.

மிகவும் வருத்தம் தருவதையும் சொல்லிவிடுகிறேன். பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து, மரத்துப்போனதும் பூவில் உட்கார வைத்து எடுக்கலாம் என்று இணையத்தில் சிலர் சொல்லித் தருகிறார்கள். இது கொடுமை. குளிரில் அதன் தசை இயங்காது. பறக்க முடியாமல் பல்லிக்கும் எறும்புக்கும் இரையாகும். விரலால் பிடித்தாலே இறக்கைச் செதில்கள் பொடியாக உதிரும். அவை மீண்டும் முளைப்பதில்லை. அப்படி எடுத்த படங்கள் கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்: கால்கள் இதழைப் பற்றாமல் தொங்கும், உணர்கொம்புகள் துவண்டு கிடக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வரியன்களும் நமது மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019-ல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் நான்கு காலில்தான் நிற்கும். முன்னங்கால்கள் சுருங்கி மார்போடு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக் கால் போன பூச்சி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் படங்களை வெளியிடும்போது எடுத்த நாள், ஊர், பூவின் பெயர் மூன்றையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். முடிந்தால் மூடிய இறக்கையின் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். நீலன்களை அடிப்பக்கக் கோடுகளையும் புள்ளிகளையும் வைத்துத்தான் இனம் பிரிக்க முடியும். பிடித்து வைத்து எடுத்ததாகத் தெரியும் படங்களைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
ஸ்ரீரங்கம்.