வைக்கோலை எரிப்பதும் மேட்டுநில மண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மேட்டுநிலங்களில் சோளனும் கச்சானும் (நிலக்கடலை) மாற்றமின்றிப் பயிரிடப்படுவதால், இயல்பிலேயே மணற்பாங்கான அம்மண், இலைதழையும் எருவும் உக்கிச் சேரும் சேதனப் பொருளை இழந்து, வடகீழ்ப் பருவமழையின் ஈரத்தைப் பிடித்துவைக்க இயலாததாகி வருகிறது. மழை விட்டுச் சில நாட்களிலேயே மேல்மண் இறுகி, பூக்கும் பருவத்துக் கச்சான் வாடி நிற்பதைக் காணலாம்.

இந்நிலையில் அயல் வயல்களில் வெட்டு முடிந்ததும், மண்ணுக்கே திரும்பவேண்டிய வைக்கோலுக்குத் தீ வைக்கப்படுகிறது. ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 15 கிலோ பொட்டாசியம் உண்டு. எரித்தால் நைதரசன் புகையோடு போய்விட, சாம்பலில் எஞ்சும் பொட்டாசியத்தில் ஒரு பகுதியையும் காற்றும் மழையும் கொண்டுபோகின்றன. காசு கொடுத்து வாங்கும் பசளையை நாமே கொளுத்துகிறோம் என்பேன்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்ட பின்னர், சேதனப் பசளை என்றாலே விவசாயிகள் முகம் சுளிக்கின்றனர். அதில் நியாயமும் உண்டு. எனினும், பல போகங்களில் படிப்படியாகச் செய்யவேண்டியதை ஒரே போகத்தில் திணித்ததே பிழை.

பெரும்போகத்துக்கு முன்னரே மண் பரிசோதனைக்கு ஒழுங்குசெய்து, பசுந்தாட் பசளையாக உழுதுவிடச் சணல் விதையும், தழைப் பசளைக்காக வேலியோரத்தில் நடக் கிளிசிரிடியா மரத் தடிகளும் வழங்கி, மாட்டுப்பட்டிகளில் குவிந்துகிடக்கும் எருவை மேட்டுநிலங்களுக்கு ஏற்றிச்செல்ல உழவு இயந்திரக் கூலியில் ஒரு பங்கையேனும் ஏற்குமாறு கமநல சேவை நிலையங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
விவசாயி ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.