வயோலாவைக் கொடுத்துவிட்டேன்

அன்பு மகளுக்கு,

போன வாரம் வீடியோவில் பேசும்போது அலமாரி மேலே காலியாக இருந்ததைக் கவனித்துவிட்டாய். "அங்க ஒரு பெட்டி இருந்துச்சே?" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன். லைன் சரியில்லை என்று சொல்லி போனை வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் வயோலா, வயலினுக்கு அண்ணன் மாதிரி கொஞ்சம் பெரிதாக இருக்குமே, அது இரண்டு மாதமாகப் பக்கத்து புளோக்கில் ஒரு பையனிடம் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பேருந்து ஓட்டுவதை விட்டபிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, உனக்குத் தெரியும். நம் வட்டாரத்து இசைக்குழுவுக்கு வேன் ஓட்ட ஆள் தேவை என்று சமூக மன்றத்து அறிவிப்புப் பலகையில் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். ஆர்கெஸ்ட்ரா என்றால் கோட் சூட் போட்டவர்கள் என்று நினைத்திருந்தேன். இவர்களில் ஒருவர் பல் மருத்துவர், இன்னொருவர் கணக்காளர், தாதி ஒருத்தி இரவுப் பணி முடித்து நேராக வருகிறாள். யாருக்கும் சம்பளம் கிடையாது. இப்படிப்பட்ட குழுக்கள் சிங்கப்பூருக்குப் புதிதும் இல்லையாம். பிராடல் ஹைட்ஸ் குழு 1986லேயே தொடங்கிவிட்டது. இத்தனை வருஷம் அந்தப் பக்கமாக பஸ் ஓட்டியும் எனக்குத் தெரியாது.

முதல் நாளே திட்டு வாங்கினேன். டிம்பானி என்று பெரிய செம்பு அண்டா மாதிரி ஒரு மேளம். விளிம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். அதை வாசிக்கிற பெண் ஓடி வந்து, "அங்கிள், விளிம்பைப் பிடிச்சா சுருதி போயிடும், கீழே சட்டத்தைப் பிடிங்க" என்றாள். மிருதங்கத்தைக் கல்லும் கட்டையும் வைத்துத் தட்டித் தட்டிச் சேர்ப்பார்களே, இதில் காலால் மிதித்தே சுருதியை ஏற்றி இறக்குகிறார்கள். என் கால் தன்னை அறியாமல் பிரேக்கைத் தேடியது.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்காக வாசிப்பார்கள். சிமெண்ட் தூண்களுக்கு நடுவே எல்லாம் எதிரொலிக்கும், மேலே யாராவது துணி காயப்போடுவார்கள், பூனை குறுக்கே போகும். மார்ச்சில் பீட்டரும் ஓநாயும் கதை. 1936இல் மாஸ்கோவில் சிறுவர் நாடக அரங்குக்காக புரோகோஃபியெவ் எழுதியது. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்கு பசூன். ஓநாய்க்கு மூன்று ஹார்ன் வேண்டும், எங்களிடம் இரண்டுதான். பாதி ஓநாய் போதும் என்று விட்டுவிட்டோம். பாலர் பள்ளிப் பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய என்பதால் கதையைத் தமிழில் சொல்ல என்னை நிறுத்திவிட்டார்கள். பசூன் கரகரத்ததும் ஒரு வாண்டு என்னைக் கை காட்டிச் சிரித்தது. ஓநாய் வாத்தை முழுசாக விழுங்கிவிடும் இல்லையா, கடைசியில் எல்லாம் முடிந்து ஊர்வலம் போகும்போது ஓநாய் வயிற்றுக்குள்ளிருந்து ஓபோ மெதுவாகக் கேட்கும். ஒரு குட்டிப் பெண் விடவே இல்லை. "தாத்தா, வாத்து இன்னும் உள்ளேதான் இருக்கா? எப்ப வெளியே வரும்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் வாத்தியங்களைத் தொட்டுப் பார்க்கலாம். ரொம்பச் சின்னவர்களுக்கு அட்டைப் பெட்டியில் செய்த வயலின். விளையாட்டுக்கு இல்லை, பிடிக்கவும் நிற்கவும் அதில்தான் பழகுகிறார்கள். வெனிசுவேலாவில் வந்த வழக்கமாம். அங்கே 1975இல் அப்ரேயு என்பவர் காரக்காஸில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் 11 பிள்ளைகளோடு தொடங்கிய இசைப்பயிற்சி பிறகு நாடு முழுக்கப் பரவி, ஏழைப் பிள்ளைகள் இலவசமாகக் கற்றுக்கொண்டார்கள் என்று எங்கள் நடத்துநர் சொன்னார். (நடத்துநர் என்றதும் டிக்கெட் கொடுப்பவரை நினைக்காதே. குச்சி வைத்திருப்பவர்.)

நிஜ வாத்தியத்தை வருஷக் கணக்கில் இரவலாகவும் கொடுக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். இருப்பதெல்லாம் வயலின். வயோலாவை யாரும் தானம் தருவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. தொடக்கநிலை 5 படிக்கிற இந்தப் பையனுக்குக் கை நீளம், வயலின் தோளில் பொம்மை மாதிரி இருந்தது. "இவனுக்கு வயோலா இருந்தா நல்லா இருக்கும்" என்று ஆசிரியை சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு ஏணி போட்டு ஏறினேன்.

பெட்டியைத் திறந்தால் வில்லின் முடியைப் பூச்சி அரித்திருந்தது. ஒரு பக்கம் ஒட்டு விட்டிருந்தது. பழுது பார்க்கிறவரிடம் போனபோது, போச்சு, உடைத்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். இதற்கு விலங்குத் தோலில் காய்ச்சிய பசைதான் போடுவார்களாம், வேண்டுமென்றே கொஞ்சம் பலவீனமாக. நம் ஊர்ப் புழுக்கத்தில் மரம் உப்பினால் ஒட்டு விடும், பலகை பிளக்காது. இருநூறு வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அம்மாவிடம் வேறு கணக்கு சொல்லியிருக்கிறேன், நீ காட்டிக்கொடுக்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒத்திகையில் நான் வயோலாக்காரர்களுக்குப் பின்னால்தான் உட்காருவேன், அங்கேதான் மின்விசிறி. ஒருநாள் நடத்துநர் வயோலாக்களை மட்டும் நிறுத்தச் சொல்லி அதே இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பாட்டு அப்படியே இருந்தது, வயலின்கள் ஒரு ஸ்வரம் விடவில்லை. ஆனால் நடுவில் ஏதோ குழி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கச்சேரியில் தம்பூரா நின்றுபோனால்தானே இவ்வளவு நேரம் அது இருந்தது தெரியும், அப்படி.

நீ உயர்நிலை 4இல் இருந்தபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "பாட்டே வராத வாத்தியத்துக்கா மாசம் இத்தனை வெள்ளி? ஓ லெவல் முடியட்டும், பிறகு பார்க்கலாம்." நீ சண்டை போடவில்லை. பெட்டியை மூடி நீயே மேலே தூக்கி வைத்தாய். பிறகு நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பணம் அப்போது இறுக்கமாக இருந்தது நிஜம்தான். ஆனாலும் பாட்டு வராது என்று சொன்னது தப்பு. ஒன்றும் தெரியாமல் சொன்னேன்.

வயோலா உன்னுடையது. நீ வேண்டும் என்றால் பையனிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவன் அழுதாலும் பரவாயில்லை. மான்செஸ்டருக்கு வரும்போது மடியிலேயே வைத்துக் கொண்டுவருவேன். வேண்டாம் என்றால் இன்னும் ஒரு வருஷம் அவனிடம் இருக்கட்டும்.

பெட்டிப் பையில் உன் பழைய தாள்கள் இருந்தன. ஒன்றின் ஓரத்தில் ஆசிரியைக்குப் புரியக்கூடாது என்றோ என்னவோ தமிழில் பென்சிலால் எழுதியிருக்கிறாய்: "தூங்காதே, 24 எண்ணு." பையன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, எதை எண்ணணும் தாத்தா என்று கேட்கிறான். எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை இங்கே மாலை 4 மணிக்கு வீட்டுக்கு வருவான், உனக்குக் காலை 9. முடிந்தால் கூப்பிடு. கோபம் இருந்தால் முதலில் என்னிடம் பேசித் தீர்த்துவிட்டு, பிறகு அவனிடம் பேசு.

அன்புடன்,
அப்பா