காலி நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடியில் தெருவுக்குத் தெரு உடற்பயிற்சிக் கூடம் திறக்கிறார்கள். வாசலில் தவறாமல் ‘முதல் நாள் இலவசம்’ என்று ஒரு பலகை. அந்தப் பலகையை வைப்பவர்களுக்கு உங்கள் பக்கத்தின் வழியாக ஒரு வேண்டுகோள். காலை ஒன்பதரைக்கு மேல் மாலை நான்கு வரை உங்கள் கூடம் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நேரத்தை அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கொடுங்கள்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. வயது 63. எங்கள் வீடு, இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றைப் போல, ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவது. முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்தாலே போதுமே, தனியாக என்ன பயிற்சி என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நடப்பது இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் தெருவிலிருந்து முகப்புக்கு ஏறும் அந்த உயரமான படிகளுக்குத் தொடையில் வலு வேண்டும். சமதளத்தில் நடப்பது அதை அவ்வளவாகத் தருவதில்லை. முப்பதைத் தாண்டிய பிறகு தசை மெல்லக் குறையத் தொடங்கி, அறுபதுக்கு மேல் வேகமாகக் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் சேர்த்து மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தியிருப்பது தெரியாமல் கால் வைத்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். அவர்களின் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

அப்படிப் பலகை வைத்த ஒரு கூடத்துக்குச் சம்பந்தி அம்மாளையும் அழைத்துக்கொண்டு போனேன். தனியாகப் போகக் கூச்சம்; அவருக்கு என்னைவிட அதிகக் கூச்சம். இரண்டு கடைகளின் நடுச்சுவரை எடுத்துவிட்டு ஆக்கிய இடம். ஒரு டிரெட்மில், நான்கைந்து கருவிகள், சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் தூசி படிந்த இரண்டு கர்லாக்கட்டைகள். (அவற்றை யாரும் தொடுவதில்லையாம். பாவம்.) காதைப் பிளக்கும் பாட்டு. எங்களைத் தவிர ஆள் இல்லை. பையன்கள் ‘மாஸ்டர்’ என்று அழைக்கும் பயிற்சியாளருக்கு என் கடைசி மாணவர்களின் வயதுதான் இருக்கும். “வாருங்கள் ஆச்சி, உட்காருங்கள்” என்று பாட்டை நிறுத்தினார். அதற்காகவே அவருக்கு நூற்றுக்கு நூறு போடலாம்.

சொல்லிக் கொடுப்பதிலும் குறையில்லை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார். அரை நிமிடத்தில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணினார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முதியோருக்குச் சொல்லும் சோதனை இது. 60 முதல் 64 வயதுப் பெண்கள் 12 முறைக்குக் குறைவாக எழுந்தால் கால் வலு போதாது என்று கணக்கு. நான் தப்பித்தேன். என் வயதேயான சம்பந்தி தப்பவில்லை. வீடு வரும்வரை நாற்காலியைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு, மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கும் கருவி. கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலவே இருந்தது, குடம்தான் மேலே வரவில்லை. இழுக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும் என்று அவர் இருமுறை சொன்னார். சரியான எச்சரிக்கை.

ஆனால், எனக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டா என்று அவர் கேட்கவே இல்லை. எடை எவ்வளவு என்று கேட்டார், கைபேசி எண் கேட்டார். சம்பந்தி சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்றும் யாரும் கேட்கவில்லை. கனடாவில் உருவான ஏழு கேள்வித் தாள் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. இதய நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னதுண்டா, உழைக்கும்போது நெஞ்சு வலிக்குமா, சும்மா இருக்கும்போது வலித்ததுண்டா, தலைசுற்றி விழுந்ததுண்டா, மூட்டுக் கோளாறு உண்டா, ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுக்கிறீர்களா, வேறு ஏதேனும் காரணம் உண்டா. அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து வைக்க என்ன செலவாகிவிடும்? எந்தக் கேள்விக்காவது ‘ஆம்’ என்று பதில் வந்தால், மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடலாம்.

கட்டணத்துக்கு வருகிறேன். மாதம் 1,000 ரூபாய். ஓராண்டுக்கு 8,000, அதுவும் அன்றைக்கே கட்டினால். எட்டு மாதத்துக்கு மேல் வருபவருக்குத்தான் அது லாபம். எங்கள் வயதில் ஆண்டுக்கு எட்டு மாதம் யார் ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள்? கோடையில் பேரன் பேத்திகள் வருவார்கள். மகள் பேறுகாலம், முன்னோருக்குப் படைப்பு, கல்யாணங்கள், தைப்பூசத்துக்குப் பழனி நடை, இடையில் கண் அறுவை சிகிச்சை. சேர்ந்துவிட்டு வராமல் போகிறவர்களின் பணத்தில்தான் அந்தத் தள்ளுபடி ஓடுகிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். யோசித்துச் சொல்கிறோம் என்றதும் உரிமையாளர் முகம் சற்று மாறியது. போதாக்குறைக்கு, ஆச்சிகள் இருவரும் எடை தூக்குவதை வீடியோ எடுத்துப் போடலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். விளம்பரத்துக்கு வேண்டும் என்றால் அதற்குத் தனியாகக் கூலி பேச வேண்டும் என்றும் சொன்னேன். சம்பந்தி என் கையைக் கிள்ளினார்.

குளிரூட்டிய பெரிய கூடங்களுக்கு நாங்கள் போகப்போவதில்லை. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நான்கு கருவியும் பொறுமையான ஒரு மாஸ்டரும் இருக்கிற இந்தச் சின்ன இடங்கள்தான் எங்களுக்கு ஏற்றவை. முதியோருக்குக் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை, வாரம் மூன்று நாள், மாதா மாதம் கட்டணம், ஊருக்குப் போகும் மாதத்துக்குக் கட்டணம் கிடையாது என்று எந்தக் கூடமாவது பலகை வைத்தால், எங்கள் தெருவிலிருந்து சேர ஆறு பெண்கள் தயார். அவர்களில் சம்பந்தியும் ஒருவர். வீட்டில் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை (பெயரை வெளியிட வேண்டாம்),
காரைக்குடி.