சேகருக்கு, புல் வெட்டும் பிரஷ் கட்டர் விஷயமாக

ஆனைமலை,
புரட்டாசிக் கடைசி.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. போனில் சொன்னால் பாதி காதில் விழாது என்று நீ எழுதியதும் நல்லதாய்ப் போயிற்று, நானும் நிதானமாகப் பதில் எழுத முடிகிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வீட்டில் அவளுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி மட்டும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் வேண்டுமென்றே வடகம் காயப்போட மாடிக்குத்தான் போகிறாள். மகள் தீபாவளிக்கு வருகிறாள். பேரன் பேச ஆரம்பித்துவிட்டானாம், டிராக்டர் என்ற ஒரே வார்த்தைதான்.

தோப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெள்ளை ஈ இன்னும் விட்டபாடில்லை. 2016ல் இந்தப் பொள்ளாச்சிப் பக்கம்தான் முதலில் கண்டுபிடித்தார்கள், அதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் கீழ்மட்டையெல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிடுகிறது. மழை பிடித்தால் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும். தேங்காய் விலை ஏறியதில் கொஞ்சம் மூச்சு விட்டோம், ஆனால் காய் இருக்கிறவனுக்குத்தானே விலை. உன் மரங்கள் பாளை விட ஆரம்பித்துவிட்டன என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. கஜா புயல் அடித்த மறுவாரம் பேராவூரணிக்கு வந்து பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. உங்கப்பா வைத்த மரம் அத்தனையும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. அந்த இடத்தில் திரும்ப நட்டு வளர்த்திருக்கிறாய், பெரிய காரியம்டா.

சரி, மெஷினுக்கு வருகிறேன். பங்குனியில் ஓட்டி முடித்து மோட்டார் ரூமில் சாத்தினாய், இப்போது ஐப்பசி மழைக்கு முன்னால் எடுத்தால் சோக் போட்டு இழுக்கும்போது ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. கடைக்காரர் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்பரேட்டர் போச்சு என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். சோக்கில் மட்டும் ஓடுகிற எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். சோக் காற்றை அடைக்கும்போது உறிஞ்சல் கூடி, வர மறுக்கிற பெட்ரோலும் கொஞ்சம் வந்து சேர்கிறது. எடுத்துவிட்டால் காற்று தாராளம், பெட்ரோல் பஞ்சம். ஆனால் அந்தப் பஞ்சம் கார்பரேட்டருக்குள்ளா அதற்கு முன்னாலா என்று யாரும் பார்ப்பதில்லை. குழாயில் வெடிப்பு இருக்க, புதுக் கார்பரேட்டர் வாங்கிப் போட்டு, அதுவும் ஓடாமல், மெஷினே சரியில்லை என்று மூலையில் போட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

அதனால் காசு கொடுப்பதற்கு முன்னால் சிலதைப் பார்த்துவிடு. டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணு. அப்போது நின்றுபோகாமல் ஓடினால் மூடியில் காற்று போகிற ஓட்டைதான் அடைத்திருக்கிறது, செலவே இல்லை. அப்புறம் ஒரு கம்பியை வளைத்து டேங்குக்குள் விட்டு, குழாய் நுனியில் இருக்கிற ஃபில்டரை வெளியே இழு. பஞ்சு கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தால் புதுசு போடு. குழாயை விரலால் மடக்கிப் பார். பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தால், அல்லது டேங்கில் நுழைகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால், பெட்ரோலுக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். கடைசியாக சைலன்சர் வாயில் உள்ள சின்ன வலை. அது கரி பிடித்து அடைத்தாலும் எஞ்சின் வேகம் எடுக்காது. ஜனங்கள் கார்பரேட்டரைத் திட்டுவார்கள், பாவம்.

இத்தனையும் சரியாக இருந்து, பிளக்கைக் கழற்றினால் அது பெட்ரோல் படாமல் காய்ந்துபோய் இருந்தால், அப்போது கார்பரேட்டர்தான்.

இதன் உள்வேலை எனக்கு ரொம்பப் பிடித்தமானது, கொஞ்சம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நம் மோட்டார் சைக்கிள் கார்பரேட்டரில் ஒரு கிண்ணம், அதில் மிதவை. வண்டி எப்போதும் நிமிர்ந்தே நிற்பதால் அது போதும். பிரஷ் கட்டரை வரப்பில் சாய்க்கிறோம், தலைக்கு மேலே தூக்குகிறோம், மிதவை அங்கே எப்படி மிதக்கும்? அதனால் மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு, டயாஃபிரம் வைத்திருக்கிறார்கள். இரண்டு சவ்வு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே உள்ள மூடிய அறையான கிராங்க் கேஸுக்குள் காற்றழுத்தம் கூடிக் குறைகிறது. அந்தத் துடிப்பு ஊசி நுழைகிற அளவு துளை வழியாகக் கார்பரேட்டருக்கு வந்து முதல் சவ்வை ஆட்டுகிறது, அதுதான் பெட்ரோல் பம்ப். தனியாக மோட்டாரும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டாவது சவ்வு எஞ்சின் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அதற்கேற்ப ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தி, ஊசி வால்வைத் திறந்து மூடுகிறது. அந்தச் சவ்வு கை வைத்தால் பட்டுத்துணி போல் தொளதொளவென்று இருக்கணும். பழைய பெட்ரோலில் ஊறிக் காய்ந்தால் விறைத்துப்போய், தட்டினால் சத்தம் கேட்கும். அப்புறம் அது எங்கே நெம்புகோலை அழுத்தப் போகிறது?

அந்த விறைப்புக்குக் காரணம் நீ பங்குனியில் டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்கில் போடுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. 2023ல் ஆரம்பித்து நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. உங்கள் கடற்கரைக் காற்றில் மாதக்கணக்கில் வைத்தால் கேட்கவே வேண்டாம். ஈரம் அளவுக்கு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், பெட்ரோல் உறிஞ்சுகிற ஃபில்டரும் அடியில்தான் கிடக்கிறது. மேலே நல்ல பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்குப் போவது கீழே கிடக்கிற அந்தத் தண்ணீர்க் கலவைதான். ரப்பருக்கும் எத்தனால் ஆகாது. என் மெஷின் புத்தகத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருக்கிறது, பங்கில் போய் அதைக் காட்டினால் சிரிப்பார்கள். நம்மால் முடிந்தது ஒன்றுதான்: வேலை முடிந்து நாள்கணக்கில் வைக்கப்போகிறாய் என்றால் டேங்கைக் காலி பண்ணிவிட்டு, தானாக நிற்கிற வரை எஞ்சினை ஓடவிட்டு வை. மீதிக் கலவையைக் கேனில் வைத்து அடுத்த பருவத்துக்கு ஊற்றாதே. அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்கு.

இப்போது மாற்றுவது. உன்னுடையது 52 சிசி டூ ஸ்ட்ரோக், நம் ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் மாடல்தான். அதன் கார்பரேட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கடைக்குப் பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போ, வாயால் சொல்லி வாங்காதே. போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, குழாய் மாட்டுகிற மூக்குகள் இருக்கும் பக்கம், கேபிள் கோர்க்கும் இடம், மூன்றும் ஒத்துப்போகணும். கூடவே கேஸ்கட் செட்டும், அதாவது இணைப்புகளுக்கு நடுவில் கசியாமல் வைக்கிற மெல்லிய தகடுகளும், கேட்டு வாங்கு. பழைய கேஸ்கட்டை மறுபடி போடுகிற கஞ்சத்தனம் உனக்கு ஹாஸ்டல் நாளிலிருந்தே உண்டு, இதில் வேண்டாம்.

வெளித் திண்ணையில் உட்கார்ந்து செய், பக்கத்தில் பீடி குடிக்கிறவனை அனுப்பிவிடு. பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியை எடு. உள்ளே பஞ்சுக்குப் பின்னால் இரண்டு நீள போல்ட் தெரியும். ஃபில்டர் பெட்டி, கார்பரேட்டர் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை அவைதான். கழற்றுவதற்கு முன்னால் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள், குறிப்பாகக் குழாய்களை. ஒன்று டேங்கிலிருந்து வருவது, நுனியில் ஃபில்டர் உள்ளது. இன்னொன்று, ஸ்டார்ட் பண்ணுமுன் பெட்ரோலை ஏற்ற விரலால் அமுக்குகிறோமே அந்த ரப்பர் பல்பிலிருந்து டேங்குக்குத் திரும்பிப் போவது. மாற்றி மாட்டினால் பல்பை எவ்வளவு அமுக்கினாலும் டேங்கில் குமிழிதான் வரும். ஆக்ஸிலேட்டர் கேபிளின் நுனியில் இருக்கிற குண்டை அதன் காடியிலிருந்து பக்கவாட்டில் நழுவவிட்டால் வந்துவிடும், குறடு போட்டு இழுக்காதே.

கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கறுப்பாக ஒரு தடித்த துண்டு இருக்கும். எஞ்சின் சூடு கார்பரேட்டருக்கு ஏறாமல் தடுக்கிறது அது. அதில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார். பிறகு கேஸ்கட். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நான் மேலே சொன்ன அந்தத் துடிப்புத் துளை கேஸ்கட்டிலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். தலைகீழாகப் போட்டால் போல்ட் எல்லாம் அழகாக உட்காரும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் துளை அடைபட்டுப் பம்ப் வேலை செய்யாது. புதுக் கார்பரேட்டர் வாங்கியும் அதே சோக் கதைதான். ஒட்டுவதற்குப் பசை எதுவும் தடவாதே, அதுவே போய்த் துளையை அடைக்கும். போல்ட்டை இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. முரட்டுத்தனமாக முறுக்கினால் அந்தக் கறுப்புத் துண்டு வெடித்துவிடும்.

மாட்டியபின் பல்பை அமுக்கு. திரும்பும் குழாயில் பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், அது குமிழி இல்லாமல் ஓடினால் போதும். கேபிளில் துளி தொய்வு இருக்கணும், விறைப்பாக இருந்தால் விரலை எடுத்தாலும் எஞ்சின் இறங்காது. மர அறுப்பு மெஷினில் இருப்பதுபோல் இரண்டு மூன்று ஸ்க்ரூ இதில் இல்லை, நீ தொட வேண்டியது, ஆக்ஸிலேட்டரை விட்டபின் எஞ்சின் ஓடுகிற வேகத்தை வைக்கிற ஐடில் ஸ்க்ரூ ஒன்றுதான். ஐடிலில் நுனியில் உள்ள பிளேடு சுற்றக் கூடாது, எஞ்சினும் நிற்கக் கூடாது, அந்த இடத்தில் நிறுத்து.

ஒன்றை மட்டும் கவனி. ஐடிலில் வேகம் தானாக ஏறி இறங்கினால், அல்லது கீச்சென்று உச்சத்துக்குப் போனால், உடனே அணை. எங்கோ காற்று புகுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு ஆயிலே பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து, சூடும் ஏறி, பிஸ்டன் இறுகிவிடும். கார்பரேட்டர் போனால் நூறுகளில் முடியும், பிஸ்டன் போனால் புது மெஷின் வாங்குவதே மேல். உன்னுடையதுக்கு 25க்கு 1 கலவை, லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில். கண்ணால் பார்த்து ஊற்றாதே, மருந்துப் பாட்டில் மூடியாவது வைத்து அள.

மெஷின் ஓடியபின் இன்னொரு விஷயம். நீ தகட்டு பிளேடு போட்டு மரத்தடி வரை வெட்டுவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். இளமரத்தின் அடித்தண்டில் வெட்டு விழுந்தால் அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து காயத்தில் முட்டை வைக்கும். வெளியே தெரிவதற்குள் உள்ளே கூடாகிவிடும். நைலான் நரம்பு போடு. இந்த நரம்பு மெஷினே மரத்தைச் சுற்றிப் புல் வெட்டுகிற தொல்லையில் பிறந்ததுதான். 1971ல் அமெரிக்காவில் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவுகிற இடத்தில் சுழல்கிற பிரஷ்ஷைப் பார்த்து யோசித்து, ஒரு டப்பாவில் ஓட்டை போட்டு மீன்பிடி நரம்பைக் கோர்த்துச் சுழற்றிப் பார்த்தாராம். அப்படி வந்தாலும் நரம்பும் இளந்தண்டைத் தேய்க்கும், சொட்டுநீர்க் குழாயையும் அறுக்கும். அதனால் வட்டப்பாத்திக்குள் மண்வெட்டிதான். மெஷின் வரிசைகளுக்கு நடுவில் மட்டும். வெட்டிய புல்லைப் பாத்தியில் மூடாக்காகப் போட்டுவிடு, தை மாதத்தில் தண்ணீர் மிச்சமாகும்.

பழைய கார்பரேட்டரைக் கடையில் கொடுத்துவிட்டு வராதே. டயாஃபிரம் கிட் தனியாக விற்கிறார்கள், விலை கொஞ்சம்தான். மழைக்காலத்தில் வேலையில்லாத ஒரு நாளில் பிரித்து மாற்றி வைத்தால் அடுத்த தடவைக்கு உதவும். உண்மையில் எனக்கு விருப்பம் நீ புதுசு வாங்காமல் அந்தக் கிட்டை மட்டும் போட்டுப் பார்ப்பதுதான், ஆனால் மழை வருகிற அவசரத்தில் உன்னை அதில் இறக்க மனசில்லை.

பிளக் காய்ந்திருந்ததா ஈரமாக இருந்ததா என்று மட்டும் எனக்குச் சொல். ஈரமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியதும் வேறு வியாதிக்கான மருந்து, திரும்ப யோசிக்கணும். தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல். தீபாவளி கழிந்து இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லு, காய் போடுகிறவரை அன்றைக்கு வரச்சொல்லி இளநீர் இறக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராசு